பெயர்த்தெடுக்க முடிந்தவை

காசிமேட்டில் ஏலம் முடிந்ததும்
உடைந்த தெர்மாகோல் பெட்டிகளைச் சும்மாவே தருவார்கள்.
மூன்று முறை கழுவியும்
முதல் கத்தரிப் பூவருகே பாறை மீன் வாசம்.
பூனைகள் இரவெல்லாம் தோண்டின.
விதைத்ததே மீன்தான் என்று
யாரோ அவற்றிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மொட்டைமாடியில் பதினோரு பெட்டி, இரண்டு பெயிண்ட் டப்பா.
காலையில் வெண்டை இலையைத் துடைத்தால்
விரலில் துறைமுகத்துக் கரி.
ஓட்டுப் போட்ட விரல்போல
நீட்டிக் காட்டிச் சிரிப்பாள் எதிர்வீட்டு ரெஜினா.

கீழே மோட்டார் அறைக்குப் பின்னால்
இடிந்த சுவரின் செங்கல்லை அடுக்கி
முழங்கால் உயரத்தில் ஒரு பாத்தி.
மண் செங்குன்றத்திலிருந்து,
எரு மாட்டுக்காரர் தேசிங்கிடமிருந்து.
தண்டையார்ப்பேட்டையே மிதந்த டிசம்பரில்
அந்தச் சிறுகீரை மட்டும் கரையேறி நின்றது.

தரையில் எதுவும் வைக்காதே, விளங்காது என்றார்கள்.
கடப்பாரை போட்டுப் பார்த்தேன்:
ஒரு சாண் தார்,
செங்கல் தூள், பேட்டரிச் சில்லு,
சிவப்பு கேரம் காய் ஒன்று,
அதற்கும் அடியில் கடல்மணல்,
உடையாத ஒரு சிப்பி.
காயை ரெஜினாவின் மகன் பிடுங்கிக்கொண்டான்.
குழி வீணாகக் கூடாதென்று
முருங்கைப் போத்தை நட்டுவிட்டு மறந்துபோனேன்.

பிறகு நோட்டீஸ் வந்தது.
இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்களாம்.
ரெண்டே வருஷம், நம்புங்க.

பெட்டிச் செடிதானே, தூக்கிட்டுப் போயிடலாம்
என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.
தூக்கினேன்.
வெயிலில் வெந்த தெர்மாகோல்
அப்பளமாய் நொறுங்கியது.
அடி ஓட்டையைத் தாண்டிய வேர்
தளத்து வெடிப்புக்குள் எங்கேயோ இறங்கியிருந்தது.
இத்தனை நாளும் அந்தக் கத்தரி
கட்டடத்தைக் குடித்துத்தான் காய்த்திருக்கிறது.

பாத்தி மண் ஒன்பது மூட்டை.
தட்டிப் பார்த்த ஆட்டோக்கார மகிமைராஜ்
"இன்னாக்கா, மண்ணுக்கா சவாரி?" என்றான்.

முருங்கையை ஒடித்தேன்,
ஒடித்தால்தானே அது வளரும்.
இரண்டு முழம். ஈரச் சாக்கில் சுற்றிக்
கடைசி டிரிப்பில் மடியில் வைத்துக்கொண்டேன்.

மணலியில் இரண்டாம் மாடி.
செடி கூடாது, ஒழுகும் என்று
அட்வான்ஸை எண்ணிக்கொண்டே சொன்னார் வீட்டுக்காரர்.
குளியலறை மூலையில் வாளிக்குள் நிற்கிறது போத்து.
துணி ஊறப் போட வாளி வேண்டுமென்றால்
வெளியே எடுப்பேன், மறுபடி வைப்பேன்.
நேற்று ஒரு கணுவில் பச்சையாய் என்னவோ.

கட்டிலுக்கடியில் ஒன்பது மூட்டை.
அரிசி என்று சொல்லி வைத்திருக்கிறோம்.