தொட்டித் தூணில் எழுதிய தேதி

எங்கள் கொட்டாயில் எல்லாரும் படிப்பவை இரண்டுதான்:
பஸ்ஸின் நெற்றியில் 'பென்னாகரம்',
தண்ணித்தொட்டித் தூணில் என் கையெழுத்து.

'சுத்தம் செய்த நாள்' என்பது
மஞ்சள் பெயிண்டில் நிரந்தரமாக இருக்கும்.
எதிர்க் கட்டத்தை மட்டும்
ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும்
சாக்பீஸால் நான் நிரப்புவேன்.
மழை பெய்தால்
தேதி மட்டும் ஏறும், நான் ஏறமாட்டேன்.
மழையில்லாத ஐந்தாம் தேதிகளும் உண்டு.
பிளீச்சிங் பவுடர் வராத மாதத்திலும்
தேதி தவறாமல் வந்துவிடும்.
போட்டோ அனுப்பச் சொல்வார்கள், அனுப்புவேன்.
மேலே இருப்பவர்களுக்குத்
தூண் தெரிந்தால் போதும்.
இப்படிப் பதினோரு வருடம்.

ஏப்ரல் இருபது அன்று
நிஜமாகவே ஏறினேன்.
அடுத்த வாரம் மகளுக்குச் சீமந்தம்,
சம்பந்தி வீட்டார் இந்தத் தண்ணீரைத்தான் குடிப்பார்கள்.
வண்டலை வாளி வாளியாக வாரி
முட்டி தேயத் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் விடியலில் அந்தக் குரல் வந்தது.
நாற்பத்தேழு நொடி.
யாரோ ஒரு பெண், மூச்சு வாங்க:
"தொட்டியில கொரங்கு செத்து மெதக்குதாம்,
புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க,
நாலு குரூப்புக்குப் போடுங்க."
எந்தத் தொட்டி, எந்த ஊர், சொல்லவில்லை.
ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு முடிந்த பிள்ளைகள்
அம்மாக்களுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கினார்கள்.
அன்பாகத்தான்.

ஏழு மணிக்குக் குழாயைத் திறந்தேன்.
ஒகேனக்கலில் இருந்து மேடேறி வந்த காவிரி
ஒரு குடம்கூட இல்லாத சிமெண்டுத் தரையில்
விழுந்து ஓடியது.
குடங்கள் எல்லாம் பழைய அடிபம்பில் நின்றன.
எங்கள் பல்லைப் பழுப்பாக்கிய பம்பு,
காவேரியப்பன் காலை வில்லாக வளைத்த பம்பு.
ஒருகாலத்தில் அதற்குச் சிவப்பு அடித்திருந்தார்கள்.
ஏன் சிவப்பு என்று யாரும் சொல்லவில்லை.
கட்சிக் கலர் என்று நினைத்து
இன்னொரு கட்சிக்காரர் ஒரே ராத்திரியில்
சுரண்டிவிட்டார்.

கேன் தண்ணி முப்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குப் போனது.

நான்காம் நாள் ஜீப் வந்தது.
தூணில் ஒரு தாள் ஒட்டினார்கள்.
டி.டி.எஸ்., புளோரைடு, கோலிபார்ம்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்,
அடியில் 'பருக உகந்தது', வட்ட முத்திரை.
சாலம்மாள் முத்திரைவரை பார்த்துவிட்டு
என் பக்கம் திரும்பினாள்:
"இதுவும் நீ எழுதுனதா?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
அவளே ஏணியில் ஏறினாள்.
கீழே ஊரே கழுத்தை அண்ணாந்து நின்றது.
மூடியைத் தள்ளி வெகுநேரம் குனிந்திருந்தாள்.
இறங்கி, கைத்துருவைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"கண்ணாடியாட்டம் கெடக்குது.
இன்னிக்கி."

அந்த 'இன்னிக்கி'யைத்தான்
ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

குரங்கு பொய். மாதேஸ்வரன் மேல் சத்தியம் வைப்பேன்.
ஆனால் அது வந்து உட்காரப்
பாய் விரித்து வைத்திருந்தவன் நான்.

மே ஐந்து. முதுகு பிடித்துக்கொண்டது.
கட்டத்துக்குள் இடம் போதாமல்
தூணைச் சுற்றி எழுதினேன்:
'இன்று சுத்தம் செய்யவில்லை. பவுடர் வரவில்லை.
வெள்ளிக்கிழமை ஏறுவேன். மாதப்பன்.'
யாரோ படம் எடுத்தார்கள்.
குரங்கைவிட வேகமாக ஓடியது அது.
மத்தியானமே பி.டி.ஓ. ஆபீசில் இருந்து போன்:
"கவர்மெண்டுக்குக் கெட்ட பேர் வாங்கித்தரவா
உனக்குச் சம்பளம்?"
மெமோ பின்னால் வந்தது.

அடுத்த நாள் குழாயடியில் இரண்டு குடம்.
ஒன்று சாலம்மாளுடையது.
மஞ்சள் பிளாஸ்டிக் குடம் யாருடையதோ.
தூணைப் படித்துவிட்டு வந்ததா,
கேன் வண்டி வராததால் வந்ததா,
கேட்கவும் ஆளில்லை.
நிரம்பும்வரை பக்கத்திலேயே நின்றேன்.