பன்னிரண்டு மீட்டர் வெளிச்சம்

இடப்பக்கம் கூவினால் எலிசேயோ வேலை செய்யமாட்டான்.
ரம்பத்தைத் தரையில் சாய்த்து
சிகரெட் பற்றவைப்பான்.
"சுக்காவ் சொல்லிவிட்டது" என்பான்,
மேலதிகாரி சொன்னதுபோல.

சில்லோயே தீவில் அப்படித்தான்:
வலத்தில் கேட்டால் நட,
இடத்தில் கேட்டால் திரும்பு.
நான் வடக்கே பாலைவனத்துக்காரன்.
மழையே எனக்குப் புதிது,
இதில் புள் நிமித்தம் வேறு.

கீலா மூங்கில் பின்னிக் கிடக்கும் இருட்டில்
ஒரு கைப்பிடி உடம்பாம்.
அதற்குள் யார் அடைத்தார்கள் அந்தத் தொண்டையை?
ரம்பம் ஓய்ந்த கணத்தில்
அண்டாவின் மூடி விழுந்த மாதிரி
காடு முழுக்க உருளும்.
ஆளைக் காணோம்.

ஒரே ஒருநாள் கண்டேன்.
என் பூட்ஸ் புரட்டிய மண்ணில் புழு நெளிந்தது;
ஓடி வந்தது, பறக்கவில்லை.
செம்பழுப்புக் கழுத்து,
வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடுகள்,
குத்திட்ட வால்.
என்னை ஒரு வேராகக்கூட மதிக்காமல்
தின்றது,
போயிற்று.

மார்ச்சில் சாலை ஏழாவது கிலோமீட்டரைத் தாண்டியது.
பன்னிரண்டு மீட்டர் அகலம். சரளை. மேலே வெறும் வானம்.
மறுநாள் காலை
இடத்தில் ஒன்று கூவியது.
வலத்தில் ஒன்று கூவியது.
இது நிற்க, அது.
அது நிற்க, இது.
மதியம்வரை.
எதுவும் வெளிச்சத்தில் கால் வைக்கவில்லை.

"இரண்டு பக்கமும் கேட்டால் என்ன அர்த்தம்?"
எலிசேயோ என்னைக் கேட்டான்,
பாலைவனத்துக்காரனை.
அவன் அம்மா அதைச் சொல்லித்தரவில்லையாம்.
ரம்பத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு
போகவும் இல்லாமல் இருக்கவும் இல்லாமல் நின்றான்.

அந்த வாரம் காற்றில்
மூங்கில் புதர் ஒன்று வேரோடு சாய்ந்து
சாலையின் குறுக்கே படுத்தது.
அகற்றவும் என்று தாளில் எழுதியிருந்தார் எர்மோகெனெஸ்.
எதிரே நான் எழுதினேன்: மழை.
மறுநாளும் மழை.
மூன்றாம் நாள் வெயில் அடித்தது;
அன்றும் மழை என்றே எழுதினேன்.

நான்காம் நாள் வலப்பக்கம் சத்தமே இல்லை.
இடப்பக்கம், புதருக்குள்,
இரண்டு குரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி,
எது முந்தி எது பிந்தி என்று பிரிக்க முடியாமல்.

எலிசேயோ முகம் வெளுத்தான்.
"இரட்டை! இன்றைக்கு ரம்பத்தைத் தொட்டால்
கை போய்விடும்."

ஆமாம் என்றேன்.
உட்கார்ந்து
எனக்கும் ஒரு சிகரெட் கேட்டேன்.