நாலாம் தரம்

குலசேகரம் சந்தைமுக்கில்
ரசலையன் ஷீட்டுக்கடைக் கரும்பலகையில்
காலை ஒன்பதரைக்கு
ரப்பர் விலை எழுதுவது என் வேலை.
கோட்டயத்திலிருந்து போன் வரும்.
கோட்டயத்துக்கு யார் சொல்வார்கள் என்று
பதினோரு வருடமாகத் தெரியாது.

பலகைக்கு மேலே எம்.எல்.ஏ. படம்.
ஓட்டு கேட்டு வந்தபோது
முதலாளியின் தோளில் கைபோட்டு எடுத்தது.

இருநூற்றுப் பத்து எழுதிய மாதம்
படத்துக்குப் பிச்சிமாலை விழுந்தது.
"மனுசன் கொள்ளாம் டே,
தோளுல கைபோடத வச்சே தெரியும்"
என்றார் பால்வெட்டும் தாசையன்,
கடுஞ்சாயாவோடு
ஒரு பழம்பொரியும் சொல்லிவிட்டு.
பேச்சிப்பாறை ரோடு அன்று
குண்டும் குழியும்.
குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

நூற்றிருபத்தெட்டு எழுதிய மாதம்
அதே ரோட்டுக்குப் புதுத் தார் போட்டார்கள்.
"மழையில வண்டி வழுக்குது" என்றார்கள்.
படத்திலிருந்த கையைக் காட்டி
"பாத்தியா, கழுத்துக்கு அளவு எடுக்கான்"
என்றார் தாசையன்.
சாயாவுக்குப் பற்று எழுதச் சொன்னார்.

லில்லிபாய் படத்தைப் பார்ப்பதே இல்லை.
ஒட்டுப்பால் சாக்கைத் தராசில் இறக்கிவிட்டு
நாற்றம் பிடித்த கையை முந்தானையில் துடைத்தபடி
சுண்ணாம்புக்கட்டியைத்தான் பார்ப்பாள்.
மகளுக்கு நர்சிங் பீஸ்
வெள்ளிக்கிழமைக்குள் கட்டவேண்டும்.
"மோனே, ரெண்டு ரூவா கூட்டி எழுதப்பிடாதா?"

"என் கையில என்ன இருக்கு" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது:
முந்தின வாரம் மார்த்தாண்டத்தில்
மைக்கின் முன்னால் எம்.எல்.ஏ. சொன்னதும்
எழுத்து மாறாமல் இதுவே.
அன்று நானும் கூட்டத்தில் நின்று
அவரைக் கெட்டவார்த்தை சொன்னேன்.

அந்தச் சமயம் பார்த்து
கணக்கெடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள்,
கையில் டேப், கழுத்தில் அடையாள அட்டை.
"உங்கள் தலைவர்மேல் திருப்தி எவ்வளவு?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்."
லில்லிபாய் யோசித்தாள்.
"இன்னைக்க வெலைக்கா, நேத்தைய வெலைக்கா?"
அந்தப் பெண் சிரிக்கவில்லை.
அப்படி ஒரு கட்டம் டேப்பில் இல்லையாம்.
மூன்று என்று தானே அழுத்திக்கொண்டு
அடுத்த கடைக்குப் போனாள்.

மறுநாள் மூன்று ரூபாய் கூடியது.
கோட்டயத்தில் மழையாம், இல்லை,
கடலுக்கு அப்பால் எங்கோ வெள்ளமாம்.
யாருடைய தோட்டமோ மூழ்கிக் கிடக்க
நான் நூற்றி முப்பத்தொன்று என்று எழுதினேன்.

"ஒனக்க எழுத்து கொள்ளாம் டே" என்றார் தாசையன்.
படத்தை அவர் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
அதற்கு
நூற்றைம்பதாவது வேண்டும்.