அரைப் பேர்

மலையில் பேர் என்றால் கூப்பிடும் பேர் அல்ல.
ஒரு நாள் வேலைக்குச் செக்றோலில் விழும் ஒரு கோடு.
இருபது கிலோ நிறுத்தால் முழுப் பேர்,
மழையோ வயிற்றுவலியோ, குறைந்தால் அரைப் பேர்.
ஒன்பதாம் அறைக்கு வருகிறவர்கள்
அந்த அரையையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.
வந்த பிறகு இங்கே பேரே கிடையாது.
இலக்கம் மட்டும்.

வாசலில் பலகையும் இல்லை.
தோல் வியாதி கிளினிக்கைத் தாண்டி
எக்ஸ்ரே அறைக்கு இடப்பக்கம்
வெறும் ஒன்பது.
அட்டன் டவுனில் முதல் பஸ்ஸால் இறங்கி
குடையை மடக்காமலே உள்ளே வருவார்கள்.
குடை மழைக்கல்ல, முகத்துக்கு.

முன்பெல்லாம்
துண்டு எழுத ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை.
"எச்.ஐ.வியும் பார்ப்போமா?" என்று கேட்கக்
கதவைச் சாத்தி அரை மணித்தியாலம்.
கதவு சாத்தும் சத்தத்திலேயே
"வேணாம் மிஸ்ஸி" என்று எழுந்துவிடுவார்கள்.
சரி என்றவர்களுக்கு லேப் மேல்மாடியில்,
பதினொரு மணிக்கு மேல் ரத்தம் எடுக்கமாட்டார்கள்.
ரிசல்ட்டுக்கு இரண்டு கிழமை கழித்து வா.
வந்தால் இன்னொரு நாள் பேர் போகும்.

என் லாச்சியில் எண்பத்தாறு உறைகள்,
யாரும் வந்து எடுக்காதவை.
இரண்டின் மூலையில் மட்டும் சிவப்புப் புள்ளி.
ஒன்றில் எழுதியிருந்த நம்பரில்
ஒரு கோழிக்கடை பேசியது.
மற்றது அடிக்கவே இல்லை.

புதிதாக எதுவும் வாங்கவில்லை.
ரிஃப்காவை லேப்பிலிருந்து கீழே இறக்கினோம்,
ஒரு மேசையோடு.
மேசை கதவுக்குள் நுழையாமல்
பியசேனவும் நானும் அதன் காலொன்றைக் கழற்றினோம்.
துண்டு எழுதும் இடத்திலேயே ஊசி.
கேள்வியை மாற்றியதுதான் பெரிய வேலை.
பார்ப்போமா என்பதை எடுத்துவிட்டு
"இங்கே வருகிற எல்லாருக்கும்
சிபிலிசும் எச்.ஐ.வியும் சேர்த்துப் பார்க்கிறோம்,
வேண்டாமென்றால் சொல்லுங்கள், கோபிக்கமாட்டோம்."
எல்லாருக்கும்.
அந்த ஒரு சொல்லுக்காக மூன்று இரவு
எழுதி எழுதி அடித்தேன்.

எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க
ஒரு செவ்வாய், கிளினிக் தொடங்குமுன்
நானே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.
இலக்கம் 4117.
பியசேன போனில் நேரம் பிடித்தான்.
துண்டு மூன்று நிமிஷம். விரல் குத்த ஒன்று.
"பட்டைக்கு இருபது" என்றாள் ரிஃப்கா,
எல்லாருக்கும் சொல்லுகிற அதே குரலில்.

எதிரே சுவரில் மணிக்கூடு.
ஆறாவது நிமிஷத்தில்
கத்தாரில் அவர் இருந்த நான்கு வருஷம் வந்து நின்றது.
ஒன்பதில், அவர் திரும்பி வந்த மாசம்.
விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன்,
ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.
"பயப்படாதீங்க" என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
எவ்வளவு மலிவாக.

ரிஃப்கா என் பேரைச் சொல்லவில்லை.
"நாலாயிரத்து நூற்றுப் பதினேழு."
எழுந்து போனேன்.
ஒரு கோடு.
செக்றோலில் விழுவது போல ஒன்றே ஒன்று.

"இருபத்தாறு நிமிஷம் மிஸ்!"
பியசேனவுக்குச் சந்தோஷம்.
இன்னும் குறைக்க முடியுமா என்றார் டாக்டர்.
முடியும் என்று
மணிக்கூட்டைக் கழற்றிக்
கதிரைக்குப் பின்னால் மாட்டினேன்.
இப்போது எதிரே ஜன்னல்,
மூடுபனி விட்டால் ரயில் பாதை.

முந்தாநாள் மஞ்சள் குடைக்காரிக்கு இரண்டு கோடு.
எழுந்து ஓடவில்லை, ஓட நேரமிருக்கவில்லை.
அடுத்த ரத்தமும் அதே கதிரையில்,
கொழும்புக்குப் போகும் பெட்டி மூடுமுன்.
டாக்டர் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
தேத்தண்ணி ஆறிப்போனது.
தந்த நம்பரை அங்கேயே அடித்துப் பார்த்தேன்.
அவள் பைக்குள், மடித்த படங்குக்கடியில்
அது சிணுங்கியது.
எடுத்துக் காதில் வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே
போனுக்குள் கேட்டாள்:
"பத்தே முக்கால் பஸ்ஸுக்குப் போகவா மிஸ்ஸி?
பகல் நிறுவைக்கு நின்னா
அரைப் பேராவது போடுவாங்க."