ஆயிரத்தொன்றாவது முறை

மூன்று மணி பத்துக்கு எந்திரம் விழுந்தது.
விழட்டும் என்றுதான்
நான்கு நாளாய் இரவும் பகலும்
உளறல் நிரல்களை ஊட்டிக்கொண்டிருந்தேன்,
எந்தக் கவளத்தில் விக்கும் என்று பார்க்க.

க்ளூஜில் பனிமூட்டம்.
சோமெஷ் ஆறு எங்கே ஓடுகிறதென்று
பாலத்துக்கே தெரியாத இரவு.
ஹொராட்சியு நாற்காலியிலேயே உறங்கிவிட்டான்,
ஒரு காலில் மட்டும் காலுறை.

விழுந்த இடத்தைத் தோண்டினேன்.
பெரிதாக ஒன்றுமில்லை. பழக்கம்.
ஒரு செயற்கூறுக்குள் எண் வந்தது. மறுபடி எண். மறுபடி எண்.
ஆயிரம் முறை பார்த்த எந்திரம்
இனி எண்தான் வரும் என்று தனக்குள் எழுதிவைத்து
வாசற்காவலை வீட்டுக்கு அனுப்பிவிட்டது,
வேகத்துக்காக.
ஆயிரத்தொன்றாவது முறை
எண்ணின் சட்டையை மாட்டிக்கொண்டு வேறொன்று வந்தது.
அதற்குள்ளிருந்த முகவரியைத் தொகை என்று கூட்டி,
வந்த தொகையை முகவரி என்று நம்பி,
நினைவகத்தில் யாருடையதோ ஓர் அறையைத்
திறந்துவிட்டது எந்திரம்.
தெரிந்தவன் கையில் கிடைத்தால் அந்த அறை
ஒரு வங்கிக் கணக்கு.
அல்லது ஒரு பத்திரிகையாளரின் கைப்பேசி.

ஆறரைக்கு டிராலிபஸ்.
பரிசோதகர் த்ராயான் மோகா வழக்கம்போல் தலையசைத்தார்.
வழக்கம்போல் அட்டையை நீட்டிவிட்டு ஏறினேன்.
இறங்கும்போதுதான் கண்ணில் பட்டது,
கையில் இருந்தது நூலக அட்டை.
அதே நீலம், அதே அளவு.
அதுவும் காலாவதியானது.

சிரித்தேன், தூக்கம் கெட்டவள் சிரிக்கிற மாதிரி.
பிறகு வயிற்றில் ஒரு குளிர்.
ஒரு வருஷமாய் அந்தத் தலையசைப்புக்காகத்தான்
முந்தின வண்டியை விட்டுவிட்டு
இந்த வண்டிக்கு நின்றிருக்கிறேன்.

அறிக்கை எழுதி அனுப்பினேன். தீர்வு ஒற்றை வரி:
ஒவ்வொரு முறையும் பார்.
தொலைபேசியில் ஹொராட்சியுவின் முதல் கேள்வி:
"எவ்வளவு மெதுவாகும்?"
"நூற்றுக்கு இரண்டு."
"இரண்டா!" என்றான்,
மற்றக் காலுறையை மேசைக்கடியில் தேடிக்கொண்டே.

மறுநாள் சரியான அட்டை.
"இலின்கா, ஏறும்மா" என்றார் மோகா.
"ஒரு தடவை பாருங்களேன்" என்றேன்.
அவர் அட்டையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்,
கடன் கொடுத்தவனிடம் யாரோ
சாட்சி கேட்டதுபோல.
என் முதுகுக்குப் பின்னால் பதினோரு பேர்,
ஈரக் குடைகள், ஒரு நாய்.
யாரோ நீளமாய்ப் பெருமூச்சு விட்டார்கள்.
மோகா சட்டைப்பையைத் தடவி
மூக்குக்கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.