இறக்கையில்லாத எட்டு வௌவால்கள்

பால்டிக் கடலின் காற்று
நிலையத்தின் கூரைத் தகரங்களை
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரவு.
நாற்பது ஜிபிதான் கேட்டேன்.
விண்டோஸின் பக்கத்திலிருந்து கொஞ்சம் பிடுங்கி
லினக்ஸின் பக்கம் சேர்க்க,
இருட்டில் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போடுகிறவன்போல.
வரப்பு நகர்ந்துகொண்டிருக்கையில் கரண்ட் போயிற்று.
மடிக்கணினியின் பேட்டரி செத்து இரண்டு வருஷம்.

கரண்ட் வந்தபோது கறுப்புத் திரை.
வெள்ளை எழுத்தில் ஒரே வாசகம்:
அப்படி ஒரு பிரிவே இல்லையாம்.
அதன் கீழே,
மீட்க வந்தவன் நான் என்று சொல்லிக்கொண்டு
கண் சிமிட்டும் ஒரு கோடு.

உள்ளே இருந்தவை,
காகிதத்தை விட்ட பிறகான ஐந்து இலையுதிர்காலங்கள்.
பாப்பே ஏரிக்கரையில் எங்கள் வலையில் விழுந்த வௌவால்கள்.
ஏழு கிராம், ஏழரை கிராம்,
வளையத்தின் எண், முன்கையின் நீளம்,
கடித்ததா இல்லையா
(அந்தப் பத்தி நான் சேர்த்தது).
நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள்.
அதைக் கேட்க டிசின்ட்ரா இருக்கிறாள்,
காலை ஏழரைக்கு வருவாள்.

எல்எஸ் என்று அடித்தேன்.
ஐந்து கதவெண்கள் சொன்னது.
தட்டினேன்.
தெரியாத வீடு.
தெரியாத வீடு.
தெரியாத வீடு, தெரியாத வீடு.
ஐந்தாவதில் யாரோ இருமினார்கள்.
இதுதான் வேர் என்று சொன்னேன்,
இதுதான் பாதை என்று சொன்னேன்,
பிறகு இரண்டு நாற்பதுக்கு
'நார்மல்' என்று அடித்தேன்,
அந்த அறையில் யாருக்கும் பொருந்தாத சொல்லை.

லினக்ஸ் எழுந்துவிட்டது.
வௌவால்கள் இருந்ததோ மறுபக்கம்.
மறுபக்கம் நீலத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு
உள்ளிருந்தே பேசியது:
வாசற்படியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.
நாற்பத்தெட்டு இலக்கம் சொல்,
நீ நீதான் என்று நம்புகிறேன்.
ஒரே உறையில் இரண்டு கத்தி ஆகாதென்று
அப்போதே சொல்ல
ஆள் இல்லாமல் போனது.

அந்தப் பூட்டைப் போட்டவர் இல்க்வர்ஸ்.
இப்போது பெர்கனில்
சால்மன் மீன்களின் மேலுள்ள பேன்களை எண்ணுகிறார்.
மூன்று மணிக்குச் செய்தி அனுப்பினேன்.
பேன்களும் உறங்குவதில்லை போலும், உடனே பதில்:
"கடைசிப் பச்சை நோட்டு. செப்டம்பர் பதினாலு.
இறக்கையில்லாத எட்டு வௌவால்கள்."

கொசுத்தைலக் கறை படிந்த பக்கம்.
எடைப் பத்தியில் எட்டு வரி, ஆறாறு இலக்கம்.
இனம் இல்லை, ஆணா பெண்ணா இல்லை.
எத்தனை தடவை புரட்டிக் கடந்திருப்பேன்,
குளிரில் விரல் மரத்துக் கிறுக்கியிருக்கிறார் என்று.

நான்கு வரி போனது.
ஐந்தாவதில் முரண்டு பிடித்தது.
இல்க்வர்ஸின் ஒன்றுக்கு நெற்றி நீளம்,
ஏழுக்கு இடுப்புக் கோட்டைப் பாதிநாள் மறந்துவிடுவார்.
271387.
தப்பு.
ஒவ்வொரு கட்டும் பதினொன்றால்
மீதியில்லாமல் வகுபட வேண்டும் என்று
எங்கோ படித்தது அந்நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது.
மின்கட்டண உறையின் முதுகில்
நாக்கைத் துருத்திக்கொண்டு வகுத்தேன்.
மீதி ஆறு.
கடைசி ஏழை ஒன்றாக்கினேன்.
மீதி பூஜ்யம்.
பூஜ்யத்தைப் பார்த்து மனிதன் இப்படிச் சிரிப்பானா,
சிரித்தேன்.

திறந்தது. நான்கு இலையுதிர்காலங்கள் முழுசாக,
ஐந்தாவது கொஞ்சம் குறையாக.
இந்த ஆகஸ்டின் கடைசி மூன்று இரவுகளைத் திறந்தால்
சதுரம் சதுரமாய் நிற்கின்றன.
நூற்றுப் பன்னிரண்டு வௌவால்கள்.
என் வளையங்களை மாட்டிக்கொண்டு
அவை லிதுவேனியாவையும் தாண்டியிருக்கும்.
எவனாவது தெற்கே வலை போட்டுப் பிடித்து
எண்ணைக் கேட்டு எழுதினால்
என்ன பதில் சொல்வது?

மறுபடி அணைத்து, மறுபடி போட்டேன்.
இரண்டு பெயர்களும் மேலும் கீழுமாய்,
பத்து, ஒன்பது, எட்டு என்று
எனக்காகக் காத்திருந்தன.

ஏழரைக்கு டிசின்ட்ரா வந்தாள்,
செருப்பிலிருந்து மணலை உதறிக்கொண்டே.
"ராத்திரி கரண்ட் போச்சாமே?"
"ஆமாம்" என்றேன்,
"கொஞ்ச நேரம்."