கேட்டது பதினொன்று, கண்டது ஒன்று

ஹோம்புஷ் செங்கற்குழிக்குள் இறங்குமுன்
சப்பாத்தைக் கழற்றச் சொல்லவில்லை பிரெண்டா.
போட்டபடியே மருந்துத் தண்ணீரில் மிதிக்கச் சொன்னாள்.
தோலால் தண்ணீர் குடிக்கிற உயிர்;
நம் காலோடு ஒரு பூஞ்சணம் வந்து
தோலைக் கெடுத்தால் நெஞ்சு நின்றுவிடும்.
நான் இரண்டு தடவை மிதித்தேன்.

தலைக்குமேல், நெடுந்தூண்களில்
வட்டமாய் நிற்கிறது நடைபாலம்.
பகலென்றால் பிள்ளைவண்டியோடு அங்கேயே நின்று
எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம்.
இன்று கையில் படிவம், நெற்றியில் விளக்கு,
மழை விட்டு ஒரு மணித்தியாலம்.

காடு மாதிரி ஏதோ எதிர்பார்த்திருந்தேன்.
இருந்தது வெட்டிய சுவர்.
துருவேறிய சங்கிலி.
வாளி வாளியாய் நகரத்துக்கு அள்ளிக் கொடுத்த பள்ளத்தில்
தேங்கிய தண்ணீர், கோரை.
கிளறிப்போட்டுக் கைவிட்ட இடமென்றால்
இந்தச் சாதிக்குப் பிடிக்குமாம்.
டென்னிஸ் மைதானம் கட்ட வந்தவர்கள்
இவற்றைக் கண்டு
வேறிடம் பார்த்துப் போனார்களாம்.

முதல் குரலுக்கு நான் மேலே பார்த்தேன்.
யாரோ மோட்டார் சைக்கிளை
கியர் மாற்றி மாற்றி மேட்டில் ஏற்றுகிறார்கள்.
"எழுது," என்றாள் பிரெண்டா. "அதுதான்."

கேட்டது: பதினொன்று.
கண்டது: ஒன்று.
கோரையடியில், பச்சை,
முதுகில் பித்தளையை உருக்கி வழியவிட்டதுபோல.
விளக்கைப் பார்த்தது.
என்னைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

போன மாதம் எங்கள் பல்கனிச் சுவர் வெடித்து
மேசன் வந்தார், மால்டாக்காரர், ஸமிட்.
ஒரு செங்கல்லைப் பெயர்த்து
மல்லாத்திக் காட்டினார்:
சாந்து பிடிக்க நடுவில் ஒரு குழி.
"இதற்குப் பேர் தவளை."
எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்று நினைத்து
இன்னொரு தடவை, மெதுவாக: தவளை.
இந்தப் பக்கத்துக் கல்லெல்லாம்
அந்தக் குழி மண்தான் என்றார்,
தோளைக் குலுக்கிக்கொண்டு.
அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுக்கவில்லை,
கூலி அதிகம் என்ற கோபத்தில் இருந்தேன்.

இன்றிரவு சாவி திறப்பதற்குமுன்
சுவரில் கை வைத்தேன்.
ஈரம். கொஞ்சம் குளிர்.
நான்கு மாடி,
வரிசைக்கு எத்தனையோ,
ஒவ்வொன்றுக்குள்ளும் வாய் நிறையச் சாந்தோடு
ஒரு தவளை.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

படுத்த பிறகு,
பரமட்டா வீதிப் பக்கம்
யாரோ கியர் மாற்றினார்கள்.
பன்னிரண்டு என்று போடுவதா வேண்டாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்,
விளக்கை அணைக்காமலே தூங்கிவிட்டேன்.